ஆனைப் பட்டமும் ஆட்டுக் கெடாவும்

ஏப்பா மாப்ளே, மகனுக்குக் காதுகுத்து வச்சுருக்கியாமே? பத்திரிகையை வாட்சப்புல அனுப்பிவிட்டு, “மாமா, பிளெக்ஸ் பத்தடிக்கு வைக்கவா இருபதடிக்கு வைக்கவா?”ன்னு யோசனை கேட்டுருக்க. கேட்டது நல்லதாப் போச்சு. கொச்சிப் பக்கம் திருப்பூணித்துறையில சாந்துச் சட்டி தூக்குற மைக்காட்டு வேலை பாத்தே நரைச்ச தலை இது. இந்தச் சமாச்சாரத்துல என்னைய விட்டா ஒனக்கு யாரு யோசனை சொல்லப் போறா?

இருபதடியே வையி. பத்தடியில என்னத்தக் கொள்ளும்? ஒன் மொகம், மச்சினமாரு நாலு பேரு மொகம், அவங்க போட்டுருக்க கூலிங் கிளாசு, மேல ஒரு நடிகரு, அதுக்கும் மேல சாதிக்கொரு தலைவரு. காது குத்திக்கப் போற பயலுக்கு ஒரு மூலையில எடம் கெடைச்சாச் சரி. வீட்டுக் கக்கூஸுக்குக் கதவு இல்லேன்னு ஒங்காத்தா போன பொங்கலுக்கே சொல்லுச்சு. அது கெடக்கட்டும். கக்கூஸுக் கதவை யாரு பாக்கப் போறா? அந்தக் கதவோட வேலையே யாரும் பாக்காம இருக்கத்தான். யாரும் பாக்காத பொருளுக்குக் காசைப் போடுறவன் பொழைக்கத் தெரியாதவன்.

கேரளாவுல சம்பாதிக்கிற நம்ம தேனிப் பக்கத்து, உசிலம்பட்டிப் பக்கத்து ஆளுங்க அம்புட்டுப் பேருக்கும் இந்த ஞானம் பொறவியிலயே இருக்கு. வீட்டையே எடுத்துக்க. ஊர்ல மொகப்புல கிரானைட்டு, தூணுக்கு டைல்ஸு, மாடியில சிங்கம். உள்ள யாரு இருக்கா? ஒரு கெழவியும் ரெண்டு வெள்ளாடும். கட்டுனவன் இங்க ஒரே ரூம்புல எட்டுப் பேரோட காலை நீட்டக்கூட எடமில்லாமப் படுத்துருக்கான். வாத்துருத்தி காலனியில போயிப் பாரு, இல்ல நம்ம லயத்தையே பாரு. கொச்சியில பாதிக் கட்டடத்துக்கு மண்ணு சுமந்தவன், வருசத்துல ரெண்டு வாட்டி தன் வீட்டுக்கு விருந்தாளியாப் போயிட்டு வர்றான்.

இதையெல்லாம் பாத்துட்டு டவுனுல இருக்குற படிச்சவங்க “ஏழைக்குப் புத்தியில்ல”ன்னு ஒத்த வரியில முடிச்சுருவாங்க. அங்கதான் எனக்குக் கோவம் வருது. காலேசுல படிக்கிற எம் பேரன் செல்லுல ரிசர்வ் பேங்கு கணக்கு ஒண்ணைக் காட்டுனான். 2021-22-ல கிராமத்துல கட்டட வேலைக்கு ஒரு நாள் கூலி கேரளாவுல 837 ரூபா, தமிழ்நாட்டுல 478 ரூபா. நடுவுல இருக்கு பாரு 359 ரூபா, அதுக்குத்தான் நீ பொண்டாட்டி புள்ளைய விட்டுட்டு குமுளி மலை எறங்கி வந்துருக்க. இங்க ஒனக்குப் பேரு உண்டா? வீட்டுக்காரச் சேட்டன் “அண்ணாச்சி”ம்பாரு, கோவம் வந்தா “பாண்டி”ம்பாரு. எத்தனை வருசம் வேலை பாத்தாலும் நீ அண்ணாச்சிதான். பக்கத்துல சாந்துச் சட்டி தூக்குறவனும் அண்ணாச்சிதான். பேரே இல்லாமப் பதினோரு மாசம் கெடந்தவனுக்கு, ஒரே ஒரு நாள் ஊர் மந்தையில பேரை எழுதி வைக்கணும்னு தோணாதா? தோணும். எனக்கும் தோணுச்சு. எங்க காலத்துல பிளெக்ஸு இல்ல, அதுனால குழாய் ரேடியோவை வேப்பமரத்துல கட்டி ரெண்டு நாள் ஊரைத் தூங்கவிடாமப் பண்ணுனோம்.

வெளிய தெரியிறதுக்குச் செலவு பண்றது நம்மளோட மட்டும் நின்னுறல. இந்த ஊர் ராசாக்களே அதைத்தான் பண்ணுனாங்க. சிங்க மாசம் அத்தத்தன்னிக்கு இங்க அத்தச்சமயம் பாத்துருப்ப. ஆனை, மேளம், வேசம் கட்டுனவங்கன்னு தெருவே நெறைஞ்சு போகும். அந்தக் காலத்துல கொச்சி ராசா பரிவாரத்தோட சனங்களுக்குத் தரிசனம் குடுக்கப் போன ஊர்வலம் அது. 1949-ல ராச்சியம் திருவாங்கூரோட சேந்ததும் நின்னுபோச்சு. 1961-ல ஓணத்தை மாநிலத் திருவிழாவாக் கொண்டாடுனப்ப மறுபடி உசுரு வந்துச்சு. ராசா இல்லேன்னாலும் ஊர்வலம் இருக்கு. அந்தக் கணக்குல ஒன் பிளெக்ஸுக்கும் ராச பரம்பரைப் பாத்தியதை உண்டுன்னு வச்சுக்க.

ஆனா அந்தக் கொச்சி அரமனையில இன்னொரு மாதிரி ராசாவும் இருந்தாரு மாப்ளே. அவரு கதைய ஒனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டாங்க. ஹில் பேலஸு, 1865-ல கட்டுனது, இப்ப மியூசியம். லீவு நாள்ல போயிட்டு வான்னு எத்தனை வாட்டி சொன்னேன்? நீ அன்னிக்கெல்லாம் பீவ்கோ சாராயக் கடை வரிசையில பொறுமையா நின்னுக்கிட்டு இருந்த. சரி, நானே சொல்றேன்.

ராஜரிஷி ராமவர்மான்னு ஒருத்தரு, 1895-ல பட்டத்துக்கு வந்தவரு. சொரனூருக்கு வந்து நின்னுபோன ரயிலு எறணாகுளம் வரைக்கும் வரணும்னு அவருக்கு ஆசை. கசானாவுல அம்புட்டுப் பணமில்ல. நீயா இருந்தா என்ன பண்ணுவ? பங்காளிகளக் கூப்புட்டு ஒரு விருந்து வைப்ப. அவரு பூர்ணத்திரயீசர் கோயிலுக்குப் போனாரு. விருச்சிக உற்சவத்துல 15 ஆனை வரிசையா நிக்கிற கோயிலு அது. ஆனை நெத்தியில கட்டுற தங்கப் பட்டத்துல 14-ஐ எடுத்து வித்தாரு. அரமனை நகையும் கூடப் போச்சு. 1902-ல எறணாகுளத்துக்கு ரயிலு வந்துருச்சு. தங்கப் பட்டம் போச்சேன்னு ஆனையும் கோவிச்சுக்கல, சாமியும் கோவிச்சுக்கல. இன்னிக்கும் உற்சவம் ஜாம்ஜாம்னு நடக்குது.

அந்தத் தண்டவாளத்து வழியா வந்த சரக்கும் சனமுந்தான் இந்தக் கொச்சியை இம்புட்டு ஊராக்குச்சு. இந்த ஊரு வளந்ததாலதான் ஒனக்கும் எனக்கும் சாந்துச் சட்டி கெடைச்சுச்சு. இப்ப ஒன் கணக்கைப் பாரு. ராசா நகையை வித்து ரயிலு விட்டாரு. நீ ஒன் பொண்டாட்டி, அந்தப் புள்ள கழுத்துல கெடந்த நாலு பவுனை அடகு வச்சு ரேடியோ செட்டும் சீரியல் லைட்டும் வைக்கப் போற. அவரு விட்ட ரயிலு நூறு வருசம் தாண்டி ஓடுது. ஒன் ரேடியோ செட்டு போலீசு வந்தா ராத்திரி பத்து மணிக்கு நிக்கும், வராட்டி விடியக்காலம். ஒன் நகை, ஒன் இஷ்டம். அந்தப் புள்ள நகையாச்சேன்னு கேக்காத. அவகிட்ட நீயும் கேக்கலையே.

அடகை மீட்டுருவேங்கிற. எப்படி? லாட்டரி விழும். ஆமா, விழும். 2021 ஓணம் பம்பர் 12 கோடி, பக்கத்து மரட்டுல ஒரு ஆட்டோக்காரருக்கு விழுந்துச்சு. டிக்கெட்டு வித்தது நம்ம திருப்பூணித்துறைக் கடை. அன்னியிலேர்ந்து அந்தக் கடை வாசல்ல நம்ம ஆளுங்க செருப்பைக் கழட்டாத கொறைதான். 2023-ல 25 கோடி, அதுவும் திருப்பூர் பக்கத்துத் தமிழாளுங்க நாலு பேரு கூட்டா எடுத்த சீட்டுக்கு. அது மட்டும் ஒனக்கு ஞாபகம் இருக்கும். அந்த வருசம் வித்த சீட்டு 70 லட்சத்துக்கு மேலங்கறது ஞாபகம் இருக்காது. அதுக்கு முந்தின வருசம் 25 கோடி விழுந்த திருவனந்தபுரத்து ஆட்டோக்காரரு, காசு கேட்டு வர்ற கூட்டத்துக்குப் பயந்து வீடு மாறி மாறி ஒளிஞ்சுக்கிட்டு, இந்தப் பரிசு விழாமயே இருந்துருக்கலாம்னு சொன்னதும் ஞாபகம் இருக்காது.

கேரளா சர்க்காரு 1967-லயே லாட்டரிக்குன்னு தனி இலாகா வச்சுருச்சு. 1968 சனவரி 26-ல மொதக் குலுக்கல். அப்ப சீட்டு 1 ரூபா, பரிசு 50,000. நம்ம ஊர்ல 2003-ல லாட்டரிக்குத் தடை போட்டாங்க. அந்தத் துக்கம் தாங்காமத்தான் நீ மலையாளத்துக்கு வந்தியோன்னு எனக்கு ஒரு சந்தேகம். தினச் சீட்டு 50 ரூபா. மாசத்துல 25 நாள் எடுத்தா 1250, வருசத்துக்கு 15,000. இதுல ஒரு தருமமும் இருக்கு, சொல்லாம விட்டா பாவம். காருண்யான்னு ஒரு சீட்டு. அதுல வர்ற வருமானம் ஏழைகளோட பெரிய வைத்தியத்துக்குன்னு ஆரம்பிச்சாங்க. அப்பிடிப் பாத்தா முன்னப் பின்ன தெரியாத எவனோ ஒருத்தன் கிட்னிக்கு நீ வாராவாரம் பணம் கட்டுற. பெரிய மனசு மாப்ளே ஒனக்கு. ஒங்காத்தாளுக்குக் கண்ணுல பொரை விழுந்து வருசம் ரெண்டாச்சு.

அதுக்குச் செலவு ஆகும்னு சொல்லாத. மதுரையில அரவிந்த் கண்ணாஸ்பத்திரி 1976-ல டாக்டர் வெங்கடசாமி 11 படுக்கையோட ஆரம்பிச்சது. காசில்லாதவங்களுக்குப் பொரை ஆபரேசனை எலவசமாப் பண்ணித்தான் ஒலகம் பூராம் பேரு வாங்குச்சு. கவருமெண்டு ஆஸ்பத்திரியிலயும் எலவசந்தான். காசு இல்லாம அது நிக்கல. கூடப் போக ஆளில்லாம நிக்குது. ஆத்தாளைக் கூட்டிட்டுப் போயி ரெண்டு நாள் கூட இருக்கணும், ரெண்டு நாள் கூலி போகும்ங்கிற. காதுகுத்துக்கு எத்தனை நாள் லீவு போட்டுருக்க? ஆறு.

சரி, மொய்யிக்கு வருவோம். இங்க நான் ஒன் பக்கம். மொய்யைப் பாத்துச் சிரிக்கிறவங்க பேங்குல சம்பளக் கணக்கு வச்சுருக்கறவங்க. ஒனக்கு ரேசன் கார்டு தேனியில, வேலை கொச்சியில, சம்பளச் சீட்டு எங்கயுமே இல்ல. எந்த மேனேசரு ஒனக்கு ரெண்டு லட்சம் குடுப்பாரு? பங்காளி குடுப்பான். வட்டி இல்ல, பாண்டு இல்ல, ஒரு நாப்பது பக்க நோட்டுதான். பேராவூரணி, கீரமங்கலம் பக்கம் ஆடி ஆவணி ஆனா மொய் விருந்துக்குன்னே பந்தல் போட்டுருவாங்க. காதும் குத்த வேண்டியதில்ல, கல்யாணமும் வேண்டியதில்ல, கறிச்சோறும் நோட்டும் போதும். இவங்கதான் ஆரம்பிச்சாங்கன்னு நெனைக்காத. மலபாருல வடகரைப் பக்கம் பணப்பயற்றுன்னு இதே ஏற்பாடு இருக்கு. சாயா குடுத்துப் பணம் வாங்குவாங்க, நாளைக்கு மேல போட்டுத் திருப்பணும். சாயாவோட முடியிறதுனால மலையாளத்தானுக்குச் செலவு கம்மி. நமக்குக் கெடா விழணும்.

ஆனா ஒண்ணு. வாங்குற அன்னிக்குத்தான் மொய் பணம். திருப்புற அன்னிக்கு அது பயணம். ஒரு பேச்சுக்குச் சொல்றேன், ஒருத்தரு 500 வச்சுருக்காரு. நீ திருப்பி 1000 வைக்கணும். அதுக்கு இங்கருந்து பஸ்ஸு ஏறிப் போயி வர ஒரு ஆயிரம், ரெண்டு நாள் கூலி 1600-க்கு மேல, போன எடத்துல பங்காளிகளோட ஒரு குவாட்டரு. ஆக மொத்தம் அந்த 500 ரூபாக் கடனுக்கு நீ கட்டுறது நாலாயிரத்தைத் தொடும். கந்துவட்டிக்காரனே இதைக் கேட்டா வெக்கப்படுவான். நோட்டுல முன்னூறு பேரு இருக்காங்க. அவங்களுக்கெல்லாம் புள்ளைங்க இருக்கு, அந்தப் புள்ளைங்களுக்கெல்லாம் ரெண்டு ரெண்டு காது இருக்கு.

இங்க கே.எஸ்.எஃப்.இ.ன்னு சர்க்காரே ஒரு சீட்டுக் கம்பெனி நடத்துது. 1969-லேர்ந்து இருக்கு, தலைமை ஆபீசு திருச்சூர்ல. ஏலச்சீட்டுதான். நம்ம ஆளுங்க ஊர்ல தெரிஞ்சவன்கிட்டச் சீட்டுப் போட்டு, அவன் ராவோட ராவா ஓடிப்போன கதை எல்லா ஊர்லயும் ஒண்ணு இருக்கும். சர்க்காரு அவ்வளவு சுலபமா ஓட முடியாது. சீட்டை எடுத்தா ஜாமீன் கேப்பாங்க, ஆனா கெடா கேக்க மாட்டாங்க. இதைச் சொன்னா ஒனக்குப் புடிக்காது. கே.எஸ்.எஃப்.இ. ஆபீசு வாசல்ல ஒன் போட்டோவை யாரு ஒட்டுவா?

எம் பேரன் இன்னொரு கணக்கும் வாசிச்சான். 2022-23-ல மத்திய சர்க்காரு வீடு வீடாச் செலவுக் கணக்கு எடுத்துச்சாம். இந்தியக் கிராமத்துல 100 ரூபா செலவுல வெத்தலை, புகையிலை, சாராயத்துக்கு 3 ரூபா 79 காசு. படிப்புக்கு 3 ரூபா 30 காசு. பாத்தியா தாத்தான்னு ஒரே துள்ளு. “ஏலே, நம்ம ஊர்ல பள்ளிக்கூடமும் சர்க்காரு நடத்துது, சாராயக் கடையும் சர்க்காரு நடத்துது. ஒண்ணுல பீஸு இல்ல, இன்னொண்ணுல பீஸு உண்டு, அதுனால அந்தப் பக்கம் கூடத்தான் இருக்கும்”னேன். பய வாயடைச்சுப் போனான். வடக்க உதய்ப்பூர்ப் பக்கம் பரம ஏழைங்க வருசச் செலவுல 10-ல ஒரு பங்கு விசேசம், திருவிழாவுக்கே போகுதுன்னு, பின்னாடி 2019-ல நோபல் பரிசு வாங்குன பானர்ஜியும் டஃப்ளோவும் எழுதியிருக்காங்களாம். அவங்களும் அந்த ஏழைங்களை முட்டாளுன்னு எழுதல, அது வரைக்கும் சந்தோசம். வயித்துப் பசி மாதிரி மரியாதைப் பசின்னு ஒண்ணு இருக்கறது அவங்களுக்கும் வெளங்கியிருக்கு.

ஆனா அந்தப் பசி வீட்டுல ஒருத்தனுக்கு மட்டும் எடுக்குது, இன்னொருத்தி சோத்துல கைய வைக்குது. அதைத்தான் நான் கேக்குறேன். கெடா வெட்டுற அன்னிக்கு ஈரல் யாருக்குப் போகுது? யோசிச்சுப் பாரு. காலையில எட்டு மணிக்கே மெளகு போட்டு வறுத்து, பொறந்தவீட்டுச் சீரு தூக்கிட்டு வந்த மச்சினமாருக்கும், வேப்பமரத்தடியில பாட்டிலோட குந்தியிருக்க பங்காளிகளுக்கும் போயிருது. அடுப்படியில வெந்துக்கிட்டு இருக்கவளுக்கு மத்தியானம் நாலு மணிக்குக் கொழம்பும் எலும்பும் மிஞ்சும். தமிழ்நாட்டுல 15-லேர்ந்து 49 வயசு வரைக்கும் இருக்க பொம்பளைகள்ல 100-க்கு 53 பேருக்கு ரத்தசோகைன்னு 2019-21 சர்க்காரு கணக்குச் சொல்லுது. நீ பொழைக்க வந்த கேரளாவுல அது 36. போன மாசம் அந்தப் புள்ள தண்ணிக் கொடத்தோட கெறங்கி விழுந்துச்சே, அதுக்கு ஊரே என்ன சொல்லுச்சு? கண்ணேறு பட்டுருச்சாம். ரத்தம் கொறைஞ்சு விழுந்தவளுக்கு மந்திரிச்சுக் கயிறு கட்டிட்டு, ஈரலைத் தூக்கி ஆம்பளைகளுக்குப் போட்ட ஊரு நம்ம ஊரு.

2023 செப்டம்பர்லேர்ந்து அவளுக்கு மாசம் 1000 ரூபா உரிமைத் தொகை வருதே, அது எங்க போகுதுன்னு என்னைக்காவது விசாரிச்சியா? கேஸு சிலிண்டரு, மூத்தவளுக்கு நோட்டு, ஒங்காத்தாளுக்குச் சொட்டு மருந்து. அதுல ஒரு பைசா பிளெக்ஸுக் கடை வாசலை மிதிச்சதில்ல. வருசம் 12,000 ரூபாயில குடும்பத்தை ஓட்டத் தெரிஞ்சவகிட்ட ரெண்டு லட்ச ரூபாச் செலவுக்கு ஒரு வார்த்தை கேட்டா ஒன் மீசை ஒண்ணும் உதுந்துறாது.

இந்தச் சீமையில நாராயண குருன்னு ஒரு பெரியவரு இருந்தாரு. வீதிக்கு வீதி மஞ்சக் கட்டடத்துல போட்டோ பாத்துருப்ப. தாலிகெட்டுக் கல்யாணம், திரண்டுகுளின்னு புள்ளைகளுக்குப் பண்ணுன சடங்குலயே குடும்பங்க கடன்பட்டு அழிஞ்சதைப் பாத்து, அதெல்லாம் வேணாம்னு நிறுத்த வச்சாரு. கல்யாணத்துக்கும் விரல்விட்டு எண்ணுற ஆளுங்க போதும்னாரு. கள்ளைக் குடிக்காத, எறக்காத, குடுக்காதன்னு அந்தக் காலத்துலயே சொன்னாரு. சடங்கு விசயத்துல அவரு பேச்சைக் கேட்டவங்க பேரன் பேத்திங்கதான் இன்னிக்கு ஒனக்குக் கூலி குடுக்குற வீட்டுக்காரங்க. கள்ளு விசயத்துல அவங்களும் கேக்கல, அது வேற கதை. பீவ்கோ வரிசையில ஒனக்கு முன்னாடி நிக்கிறது அவங்கதான்.

ஒரு சின்ன விசயம், மறக்குறதுக்குள்ள. வெளியூர்த் தொழிலாளிகளுக்குன்னு கேரளா சர்க்காரு 2017-ல ஆவாஸுன்னு ஒரு காப்பீடு கொண்டாந்துச்சு. ஆரம்பிச்சப்பவே 15,000 ரூபா வரைக்கும் வைத்தியம், விபத்துல செத்தா வீட்டுக்கு 2 லட்சம். தொழிலாளி கைக்காசு கட்ட வேண்டியதில்ல. சாரத்துல மூணாவது மாடியில ஒரு கையில பீடியோட நிக்கிறியே, இப்ப அதுக்கு என்ன இருக்குன்னு லேபர் ஆபீசுல போயி ஒரு வாட்டி விசாரி.

காதுகுத்தை நிறுத்துன்னு நான் சொல்லவே இல்ல. நிறுத்துனா ஒன் மச்சினன் தூக்குல தொங்கிருவான், தாய்மாமன் சீருக்கு அவன் வாங்குன கடன் வீணாப்போகும். வெட்டு, பந்தி போடு, நாலு பேரு மெச்சட்டும். மொதப் பந்தியில பொம்பளைகளை ஒக்கார வையி, ஈரலை அந்தப் புள்ள எலையில வையி. ஆம்பளைக நாலு மணிக்குச் சாப்புட்டாப் போதும், செத்துற மாட்டாங்க. ஆறு நாள் லீவுல மொத ரெண்டு நாளைப் பந்தலுக்குக் குடுக்காத. பந்தல்காரனுக்குப் பந்தல் போடத் தெரியும். அந்த ரெண்டு நாளும் ஆத்தாளைக் கூட்டிட்டு மதுரைக்குப் போ. அவ ஒனக்கு ஆத்தா, எனக்குக் கூடப் பொறந்தவ. பேரன் காதுல கெடக்குற கடுக்கனை அவ கண்ணால பாக்கணும். நான் 5001 வைக்கிறேன். அதை நோட்டுல ஏத்தாத, திருப்பி வைக்கவும் வேணாம். பஸ்ஸு செலவுக்கு வச்சுக்க.